தானாவே போகுதுங்க

மலாயாவில், லாயாங் லாயாங் ரயிலடிக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் டிரஸராக இருந்தேன். காயத்துக்குக் கட்டுப் போடுவது முதல் பிரசவம் பார்ப்பதுவரை தோட்ட ஆஸ்பத்திரியில் எல்லாம் என் பொறுப்பு. வெள்ளைக்கார டாக்டர் எப்போதாவதுதான் வருவார். இங்கிலீஷ் படித்தவன் என்பதால் சனங்கள் என்னையே டாக்டரய்யா என்றார்கள். நான் மறுத்ததில்லை.

ஒருநாள் பிரசவத்துக்கு வந்த பெண், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் வெட்டுகிறவள். தலைப்பிரசவம். குழந்தை பெரியது, தலை வெளியே வந்தபோது பிறப்புவழியிலிருந்து மலவாய்வரை கிழிந்துவிட்டது. நான் ஊசியை எடுத்தேன்.

அப்படிக் கிழிந்தால் என்ன செய்வதென்று எனக்குக் கற்றுத் தந்திருந்தார்கள். மலவாயைச் சுற்றி வளையமாக ஒரு தசை உண்டு. அது அறுந்தால் இரண்டு முனைகளும் சதைக்குள் இழுத்துக்கொள்ளும். விரல் விட்டுப் பார்த்து, அவற்றைத் தேடி எடுத்து, முதலில் ஒன்றோடொன்று சேர்த்துத் தைக்க வேண்டும். தோல் கடைசியில்தான். நம்மால் ஆகாதென்றால் துணி வைத்து அழுத்திப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். நான் அப்படிச் செய்யவில்லை. ரத்தத்தை நிறுத்துகிற அவசரம் என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவல்ல, விரல் விட்டுப் பார்க்கக் கூசினேன். தோலை மட்டும் இழுத்துப் பிடித்துத் தைத்தேன். வெளிப்பார்வைக்கு நேர்த்தியாக இருந்தது.

தையல் போட்டவர்களிடம் கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. மறுநாள் வாசலில் நின்றபடியே கேட்டேன்.

"ஏம்மா, வெளிக்குப் போகுதா?"

"தானாவே போகுதுங்க ஐயா."

விளக்கெண்ணெய் கொடுக்காமலே போகிறது என்று எடுத்துக்கொண்டேன். "அப்ப நல்லதும்மா" என்றேன். அவள் ஏதோ சொல்ல வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சில மாதம் கழித்து, ஆட்களை வேலை வாங்கும் கங்காணி வந்தார்.

"அந்தப் புள்ள காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்கு வந்து ஆளுங்களோட வரிசையில நிக்க மாட்டேங்குது டாக்டரய்யா. பின்னால தனியா நிக்கிது. 'காத்து அடிக்கிற பக்கம் பாத்து நில்லுடி'ன்னு பொம்பளைங்க சிரிக்கிறாளுங்க. புருஷன்காரன் பாயைத் தூக்கிக்கிட்டு அண்ணன் வூட்டுக்குப் போய்ட்டான்."

அவள் சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அடக்க முடியவில்லை, தானாகப் போய்விடுகிறது என்று சொல்லியிருக்கிறாள். என்னுடைய 'நல்லது' அவள் வாயை அடைத்துவிட்டது.

அவளை ஜொகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். ரயிலில் இடம் இருந்தும் அவள் உட்காரவில்லை.

"நின்னுக்கிட்டே வர்றேங்க ஐயா. நான் உக்காந்தா அப்புறம் ரயிலைக் கழுவ ஆள் போடணும்" என்று சிரித்தாள்.

அங்கிருந்த டாக்டருக்குத் தமிழ் தெரியாது. நான்தான் இடையில் நின்று பேசினேன். எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டார்.

"புள்ள பொறந்த மறுநாள்லேருந்தே. ஐயா கேட்டப்பவே சொன்னேனே" என்று அவள் என்னைப் பார்த்தாள்.

முதல் பாதியை மட்டும் இங்கிலீஷில் சொன்னேன். யார் தைத்தது என்றார். தோட்டத்தில் என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

தழும்பை அறுத்துத் திறந்து, சுருங்கிக் கிடந்த முனைகளைத் தேடிச் சேர்த்தார். முக்கால்வாசி குணமானது. வயிறு இளகிய நாளில் மட்டும் அவள், தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தை விட்டு வெளியே வரமாட்டாள். புருஷன் திரும்பி வந்தான். பெரட்டில் மற்றவர்களோடு நின்றாள்.

ஒருநாள் லயத்துப் பெண்கள் எல்லாரும் கேட்கும்படி என் எதிரில் சொன்னாள்: "எனக்கு ஒடம்பு வாகு சரியில்ல. ஐயா மட்டும் கூட்டிக்கிட்டுப் போகலேன்னா ஆத்துல விழுந்திருப்பேன்."

தன் உடம்பின்மேல்தான் குற்றம் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு வாக்கியம் போதும், அந்தப் பழியை அவளிடமிருந்து இறக்கி வைக்க.

"அதுக்கென்னம்மா" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.