இடது பக்கத்து கேன்

ஐந்து லிட்டர் பிடிக்கும் வெள்ளை கேன் அது. வாய் அகலம், மூடி சிவப்பு. இருபத்துநாலு மணி நேரச் சிறுநீர்ப் பரிசோதனைக்கு டாக்டரிடம் எழுதி வாங்கி வருகிறவர்களுக்கு எங்கள் லேபில் அதைத்தான் கொடுத்து அனுப்புவோம். ஒரு பகலும் ஓர் இரவும் போகிற சிறுநீரைச் சொட்டு விடாமல் அதில் சேர்த்துக் கொண்டுவர வேண்டும். சில பரிசோதனைகளுக்கு வெறும் கேன் போதும். வேறு சிலவற்றுக்குச் சிறுநீர் கெடாமல் இருக்க, கேனின் அடியில் பத்து மில்லி அடர்த்தியான ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஊற்றித் தருவோம். பார்ப்பதற்குக் கழுவிய கேனில் வடியாமல் நின்றுபோன தண்ணீர் மாதிரி இருக்கும். இன்றைக்கும் இடுப்பில் வெள்ளை கேனோடு யாராவது குழாயடிக்குப் போனால் என் கண் முதலில் அந்தக் கேனின் அடியைத்தான் தேடுகிறது. அந்தப் பழக்கம் எனக்கு வந்த நாளில் கூட இருந்தவர் கலெக்‌ஷன் அண்ணன்.

கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் லேப். நான் அங்கே டெக்னீஷியன். கலெக்‌ஷன் அண்ணன் சின்னசேலம், சங்கராபுரம், கச்சிராயபாளையம் என்று ஊர் ஊராகப் போய், சின்னச் சின்ன கிளினிக்குகளில் எடுத்து வைத்த ரத்தத்தையும் சளியையும் ஐஸ் பெட்டியில் வாங்கி வருவார். வாரம் இரண்டு நாள் கல்வராயன் மலைக்கும் போவார். பத்தாவதுவரை படித்தவர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ஐஸ் பெட்டியை பைக்கின் பின்னால் சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டியிருப்பார். அதே டியூபுக்குள் டீ பிளாஸ்கையும் செருகியிருப்பார். சாம்பிளும் சாப்பிடும் பொருளும் ஒன்றாக வரக்கூடாது என்று அவரிடம் நான் எத்தனை முறை சண்டை போட்டிருப்பேன் என்று கணக்கில்லை. அந்த லேபில் பாதுகாப்பு விதிகளைப் பெரிய அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டியது நான்தான். ஆசிட்டில் தண்ணீரை ஊற்றாதே, தெறிக்கும். தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும் என்பது அதில் மூன்றாவது விதி. சிவப்பு மையில் அடிக்கோடு வேறு. என்னைப் பார்த்ததும் அண்ணன், “சட்டம் வந்துடுச்சு, எல்லாரும் கைய கழுவுங்க” என்பார். எனக்கு உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது. ஒழுங்கு என்றால் நான்தான் என்று தலைக்கனம் பிடித்துத் திரிந்த காலம் அது.

முதலில் சிவப்பு ஸ்டிக்கர், பிறகுதான் ஆசிட். இதுவும் நான் வைத்த விதிதான். அன்றைக்கு ஸ்டிக்கர் தீர்ந்துவிட்டது. ஆசிட் கேன் வாங்க ஒரு ரிட்டயர்டு வாத்தியார் மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். ஸ்டிக்கர் வந்ததும் ஒட்டிக்கொள்ளலாம் என்று காலையிலேயே ஒரு கேனில் ஆசிட்டை ஊற்றி, மூடி, அலமாரியின் இடது ஓரத்தில் வைத்தேன். இடது பக்கம் ஆசிட், வலது பக்கம் வெறும் கேன். அந்த இடது பக்கம் என் மனசுக்குள் மட்டும் இருந்தது, வேறு யாருக்கும் தெரியாது. பத்து மணி வாக்கில் அலமாரியில் தூசியாக இருக்கிறதே என்று கேன்களை இறக்கித் துடைத்து, மறுபடி ஏற்றி வைத்தவளும் நானேதான். ரத்தம் கொடுக்க வரிசையில் ஆள் நிற்கும்போது துடைத்தேன். எதை எங்கே வைத்தேன் என்று யோசிக்கவில்லை.

பன்னிரண்டரை மணிக்கு மலையிலிருந்து ஒரு அம்மா வந்தார். முப்பது வயதுதான் இருக்கும். கால் இரண்டும் வீங்கியிருந்தன. சிறுநீரில் புரதம் எவ்வளவு போகிறது என்று பார்க்க எழுதியிருந்தார்கள். அதற்கு வெறும் கேன் போதும். கூட மூன்று வயதுப் பெண் குழந்தை. வலது பக்கத்திலிருந்து ஒரு கேனை எடுத்து அம்மாவிடம் கொடுத்தேன். குழந்தை அதை மடியில் வாங்கி இரண்டு கையாலும் மேளம் தட்டியது. நான் சிரித்தேன். கேன் சுத்தமாகக் கழுவி வைத்தது, நீங்கள் கழுவ வேண்டாம், நேராக அதிலேயே போகலாம், ஒரு சொட்டுகூடக் கீழே விடக்கூடாது, விட்டால் ரிசல்ட் தப்பாகிவிடும் என்று அழுத்தி அழுத்திச் சொன்னேன். சொட்டு விடக்கூடாது என்பதை மட்டும் மூன்று தடவை சொன்னேன். அம்மா பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி தலையாட்டினார். ஒன்றேகால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டார்.

மூன்று மணிக்கு வாத்தியார் வந்தார். புதிதாக வந்த ஸ்டிக்கரை எடுத்துக்கொண்டு இடது ஓரத்துக் கேனைத் தூக்கினேன். குலுக்கிப் பார்த்தேன், சத்தமில்லை. மூடியைத் திறந்தேன். மூக்கில் குத்துகிற அந்த ஆவி வரவில்லை. அலமாரியில் இருந்த மற்ற நான்கு கேன்களையும் திறந்து பார்த்தேன். எல்லாம் வெறும் கேன். வாத்தியாரை நாளைக்கு வரச் சொன்னேன், என்ன காரணம் சொன்னேன் என்று நினைவில்லை. படிவத்தில் இருந்த அந்த அம்மாவின் செல் நம்பருக்கு ஏழெட்டு முறை அடித்தேன். மலைமேல் டவர் கிடைக்காது என்று தெரிந்தும் அடித்துக்கொண்டே இருந்தேன்.

அந்த நேரத்தில்தான் கலெக்‌ஷன் அண்ணன் ஐஸ் பெட்டியோடு உள்ளே வந்தார். ஸ்டோர் ரூமுக்குள் இழுத்துப் போய்ச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை.

“அதுல இன்னா இருக்குது, மேல பட்டா இன்னா ஆவும், பட்டா இன்னா பண்ணணும். இது மூணும் சொல்லு.”

சொன்னேன். பட்டால் வெந்துவிடும், கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம், நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். குழந்தை திறந்து வாயில் வைத்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டாக்டருக்கு மட்டும் தெரிய வேண்டாம், நாம் இரண்டு பேரும் போய் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம், ஒன்றும் ஆகியிருக்காது என்று கெஞ்சினேன். அவர் என் போனை எடுத்து என் கையில் வைத்தார்.

“வேல போனா வேற வேல தேடிக்கலாம். மொதல்ல டாக்டருக்குப் போன் போடு. மலையில நமக்கு யாரத் தெரியும்? அவருக்குத் தெரியும்.”

அந்த நிமிஷம் அவர்மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. லேபின் சொந்தக்காரர் டாக்டர்தான், மாலையில் மட்டும் வருவார். அவருக்குப் போன் போட்டுச் சொன்னேன். மலையில் தெரிந்த நர்ஸிடம் தகவல் சொல்லப் பார்க்கிறேன், நீங்கள் கிளம்புங்கள் என்று மட்டும் சொன்னார்.

அண்ணனின் பைக்கில் கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி, மலைப்பாதையில் ஏறினோம். வளைவுக்கு வளைவு பைக் முக்கிக்கொண்டு ஏறியது. என் கண்ணுக்குள் அந்தக் குழந்தை மேளம் தட்டிக்கொண்டே இருந்தது. சிவப்பு மூடி அழுத்தமாகத்தான் மூடியிருந்தது, மூன்று வயதுக் கைக்குத் திறக்க வராது என்று சொல்லிக்கொள்வேன். உடனே, அந்த வீட்டில் பெரிய பிள்ளைகள் இருந்தால் என்று தோன்றும். ஒரு நல்ல கேன் கிடைத்தால் அது அன்றைக்கே தண்ணீர் கேனாகிவிடுகிற ஊர்கள் அவை. எதிரே இறங்கி வந்த பஸ்ஸை அண்ணன் கைகாட்டி நிறுத்தி, கேனோடு ஏறிய அம்மா எங்கே இறங்கினார் என்று கண்டக்டரிடம் கேட்டார். இடத்தைச் சொல்லிவிட்டு, இறங்கி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது என்றார் கண்டக்டர்.

ரோட்டிலிருந்து உள்ளே ஒற்றையடிப் பாதை. பத்துப் பன்னிரண்டு வீடுகள். முதல் வீட்டு வாசலில் அந்தப் பெண் குழந்தை உட்கார்ந்து புளியங்கொட்டை அடுக்கிக்கொண்டிருந்தது. அதன் கையைப் பார்த்தேன், வாயைப் பார்த்தேன். ஒன்றுமில்லை. நின்ற இடத்திலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. உள்ளே இருட்டான மூலையில் அம்மா சுவரில் சாய்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கேன், மூடி இறுக்கி மூடப்பட்டு, பிள்ளைகள் தொடாதபடி மேலே ஒரு முறம் கவிழ்த்து வைத்திருந்தது.

நாளை மாலை பஸ்ஸுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும் என்று கணக்குப் போட்டு, வந்து இறங்கியதும் ஆரம்பித்திருக்கிறார். நேராகக் கேனிலேயே. மூன்றாவது விதி, அடிக்கோடு போட்டது. ஆசிட்டின் மேல் சிறுநீர் விழுந்ததும் தெறித்துத் தொடையெல்லாம் பட்டிருக்கிறது. ஆவி ஏறி இருமல் வந்திருக்கிறது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. முடிகிறவரை உட்கார்ந்திருக்கிறார். அதன் பிறகு துணியால் துடைத்துக்கொண்டதோடு சரி.

தண்ணீர் வேண்டும், இருக்கிற தண்ணீரெல்லாம் வேண்டும் என்றேன். அண்ணன் வெளியே ஓடி ஒவ்வொரு வீட்டிலும் கேட்டார். சாயங்காலத்துக்கென்று ஊற்றிலிருந்து சுமந்து வைத்திருந்த தண்ணீரை அந்தப் பெண்கள் குடம் குடமாகத் தந்தார்கள். எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. அம்மாவைக் கொல்லைப்புறத் தட்டி மறைப்புக்கு அழைத்துப் போய், புடவையைத் தளர்த்தி, ஊற்றினேன், ஊற்றிக்கொண்டே இருந்தேன். அண்ணன் தட்டிக்கு அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நின்று, குடத்தை மட்டும் கை நீட்டிக் கொடுத்தார். இரண்டு தொடையிலும் தோல் சிவந்து, அங்கங்கே வெள்ளையாக உரிந்திருந்தது. அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு நடுங்கினார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“ரெண்டு சொட்டு கீழ சிந்திப்புட்டேன்மா. எரிச்சல் தாங்கல. கோச்சிக்காத.”

உண்மையைச் சொல்கிறேன், அந்த இடத்தில் எனக்கு ஒரு கெட்ட எண்ணம் வந்தது. பரவாயில்லை அம்மா, சில பேருக்கு இப்படி ஆகும் என்று சொல்லிவிட்டால் போதும், இவர் நம்பிவிடுவார். தப்பு தன்னுடையது என்று அவரே நினைத்துக்கொண்டிருக்கிறார். அந்த வாக்கியம் என் நாக்கு நுனிவரை வந்தது. நான் பேசாமல் நின்றதைத் தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

“ஏம்மா, தப்பு உம்பேர்ல இல்ல. நாங்க கேன மாத்திக் குடுத்துட்டோம். அதுல இருந்தது ஆசிட்டு.”

நாங்கள் என்றார். அவருக்கும் அந்தக் கேனுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. நான் அந்த ஈரத்தரையில் உட்கார்ந்து, நான்தான் அம்மா, நான்தான் மாற்றிக் கொடுத்தேன் என்றேன். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் சொல்லி அனுப்பிய நர்ஸ் ஜீப்பில் வந்து சேர்ந்தபோது, அங்கே எந்த வீட்டிலும் சமைக்கக்கூடத் தண்ணீர் இல்லை.

புண் ஆற ஒரு மாதம் ஆயிற்று. டாக்டர் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். கலெக்‌ஷன் அண்ணன் இதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு நாளும் என்னைச் ‘சட்டம்’ என்று கூப்பிடவில்லை, பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். அது எனக்கு வலித்தது. பிளாஸ்கை அவராகவே வண்டியின் முன்னால் தொங்கும் பைக்குள் மாற்றிக்கொண்டதை ஒரு நாள் கவனித்தேன். அதற்காகச் சந்தோஷப்படக்கூட எனக்கு வெட்கமாக இருந்தது.

அம்மாவுக்குக் கால் வீக்கம் கூடிக்கொண்டே போயிற்று. பரிசோதனை செய்தே ஆக வேண்டும், செய்யாமல் சிறுநீரகத்துக்கு மருந்து தொடங்க முடியாது. அவர் இனிமேல் கேனே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அண்ணன் மலைக்குப் போகிற நாட்களிலெல்லாம் அந்த வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறார். என்ன பேசினார் என்று என்னிடம் சொன்னதில்லை. நான்காவது முறையோ ஐந்தாவது முறையோ, அம்மாவையும் அவர் வீட்டுக்காரரையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, பின்னாலேயே பைக்கில் வந்து சேர்ந்தார்.

உறை பிரிக்காத புதுக் கேனை எடுத்து, அவர் கண்ணெதிரே பிரித்து, அவர் பெயர் எழுதிய ஸ்டிக்கரை ஒட்டி நீட்டினேன். அம்மா வாங்கிக்கொண்டார். மூடியைத் திருகித் திறந்தார். முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, உடம்பைவிட்டுக் கையை எட்ட நீட்டி, லேபின் சிமெண்ட் தரையில் கேனைத் தலைகீழாகக் கவிழ்த்தார். வரிசையில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கலெக்‌ஷன் அண்ணன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உள்ளே ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும், உறையைப் பிரித்ததே நான்தான். ஆனாலும் அவரைவிட அதிகமாகப் பயந்துபோய் அந்தத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான்தான்.

ஒரு சொட்டும் விழவில்லை. அம்மா கேனை நிமிர்த்தி மூடினார்.

“தப்பா நெனச்சிக்காதம்மா,” என்றார். “புள்ளைங்க கீற வூடு.”