கலியமூர்த்தி கொடுத்த பேட்டரி

பேட்டரி மூடியைக் கழற்றியதும் கலியமூர்த்தி குனிந்து மோந்து பார்ப்பார். கண்ணை மூடிக்கொண்டு, "ஒரு செல் அவுட்டு" என்பார். மீட்டர் வைப்பது அதற்கப்புறம்தான், அதுவும் வந்தவர் நம்பட்டும் என்பதற்காக. அரியாங்குப்பத்தில் அவருடைய ஆட்டோ எலக்ட்ரிகல் கடை வாசலில் எந்நேரமும் ஒரு வண்டியாவது வாய் பிளந்து நிற்கும்.

சட்டையின் முன்பக்கமெல்லாம் ஆசிட் தின்ற ஓட்டைகள். எதைக் கேட்டாலும், "அதெல்லாம் நமக்கு அத்துப்படிப்பா" என்பார். வாஷிங் மிஷின், பாஸ்போர்ட், மாட்டுக்குக் காய்ச்சல், எதுவானாலும் சரி. தெரியாது என்று அவர் சொல்லிக் கேட்டவர் யாருமில்லை. பாதி வேளை அவர் சொல்வது சரியாகவும் இருந்துவிடும், வினையே அதில்தான்.

போன மாசியில் அஞ்சலாட்சி வந்தாள். நோணாங்குப்பம் ஆற்றில் சின்ன ஃபைபர் படகில் தனியாகப் போய் நண்டு வலை போடுகிறவள். துடுப்பு வலித்துத் தோள்பட்டை போய்விட்டதால், படகின் பின்னால் மாட்டுகிற கரண்டு மோட்டார் ஒன்றைப் பழசாக வாங்கியிருந்தாள்.

"இதுக்கு எந்த பேட்டரிண்ணே போடறது?"

அந்த மாதிரி மோட்டாரைக் கலியமூர்த்தி அதுவரை தொட்டதுகூட இல்லை. "பன்னண்டு வோல்ட்டுதான? கார் பேட்டரி போதும். போட்டுக்கினு ராணி மாதிரி போய்ட்டு வா."

கார் பேட்டரி, எஞ்சினை ஒரே உதையில் கிளப்பிவிட்டு ஓய்வெடுத்துக்கொள்கிற ரகம். மணிக்கணக்கில் அதைப் பிழிந்தால் உள்ளே தகடுகள் கொஞ்சங்கொஞ்சமாகச் செத்துவிடும். சித்திரையில் ஒருநாள், ஆற்றுநீர் கடலுக்கு இறங்கிக்கொண்டிருந்த நேரம், வலையோடு திரும்பியவளின் மோட்டார் முனகி நின்றது. படகு முகத்துவாரத்தைப் பார்த்து இழுபட்டது. கெட்டுப்போன தோளோடு அவளால் எதிர்த்து வலிக்க முடியவில்லை. சுற்றுலாப் படகுக்காரர்கள் பார்த்துக் கயிறு வீசி இழுத்து வந்தார்கள்.

சேதி கேட்டுக் கலியமூர்த்தி பறந்துபோனார். துறையில் கூட்டம். "கலியமூர்த்தி குடுத்த பேட்டரி ஆச்சே, எப்பிடி நின்னு போச்சு?" என்று பாவாடை என்ற வலைக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். அஞ்சலாட்சி நனைந்த புடவையோடு கலியமூர்த்தியை ஒருதரம் பார்த்தாள்.

"சார்ஜ் போட மறந்துட்டேன். என் தப்புதான்."

அப்போதாவது அவர் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "சார்ஜ் போடாம ஆத்துல எறங்குனா பேட்டரி இன்னா பண்ணும்? பொம்பளைங்க கையில மிஷினக் குடுத்தா இப்பிடித்தான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

பேட்டரியைக் கடைக்குக் கொண்டுவந்து சார்ஜ் ஏற்றி, பெரிய பல்பு ஒன்றை மாட்டினார். கொஞ்ச நேரத்தில் மங்கி அணைந்தது. மறுபடி ஏற்றினார்; மறுபடி அணைந்தது. அவள் எதையும் மறக்கவில்லை. எவ்வளவு நேரம் போட்டாலும் சார்ஜ் நிற்காத பேட்டரி அது.

அதற்குப் பிறகு சோற்றில் கை வைத்தால் அவள் சிரித்த சிரிப்பு எதிரே வந்தது. நோணாங்குப்பம் பக்கம் போகிற வேலைகளைத் தட்டிக்கழித்தார்.

கடைசியில் ரெட்டியார்பாளையத்தில் ஒரு பேட்டரிக் கடைக்குப் போனார். கவுண்டரில் இருந்த துர்கா என்ற பெண், "மோட்டார் எத்தன ஆம்ப் சார் இழுக்கும்? தெனம் எவ்ளோ நேரம் ஓடும்? பேட்டரிய வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறது யாரு?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா." காது மடல் சுட்டது.

இன்வெர்ட்டருக்குப் போடுகிற டியூபுலர் பேட்டரி நன்றாக உழைக்கும், ஆனால் சிமெண்டு மூட்டைக் கனம், சின்னப் படகின் பின்பக்கம் அமிழ்ந்துவிடும் என்றாள். லித்தியம் என்றால் தண்ணீர்க் குடம் தூக்குகிற மாதிரிதானாம்.

மோட்டாருக்கு எத்தனை ஆம்ப் என்று அதன்மேலேயே போட்டிருந்தது. மற்றதை அஞ்சலாட்சியிடம்தான் கேட்க வேண்டும். கேட்கப் போனார்.

"ரெண்டு மணி நேரம் ஓடும். தூக்கறது நான்தான், வேற யாரு இருக்கா?" என்றாள்.

"அன்னிக்கு ஏம்மா அப்பிடிச் சொன்ன?"

"நாலு பேரு எதிர்ல உன்ன எறக்கணுமாண்ணே? வேணும்னேவா குடுத்த?"

அங்கிருந்து நேராக ரெட்டியார்பாளையத்துக்குப் போய் லித்தியத்துக்குப் பணம் கட்டினார்.

லித்தியம் பேட்டரியை அவர் துறைக்குக் கொண்டுபோன அன்று, அஞ்சலாட்சி ஒரு கையால் அதைத் தூக்கிப் படகில் வைத்தாள். கரையில் பாவாடையும் மற்றவர்களும் வலை பிரித்துக்கொண்டிருந்தார்கள். கலியமூர்த்தி அவர்கள் நடுவே போய்க் குந்தினார்.

"அன்னிக்கு அவ சார்ஜ் போட்டுதான் இருந்தா. தப்பான பேட்டரி குடுத்தது நானு" என்று மணலைப் பார்த்துச் சொன்னார்.

"இன்னாண்ணே? காதுல உழல" என்றார் பாவாடை.

படகிலிருந்து அஞ்சலாட்சி, "அண்ணே, உடு" என்று தலையை ஆட்டினாள்.

கலியமூர்த்தி மணலில் கையூன்றி எழுந்து, கரையில் இருந்த எல்லோரையும் பார்த்து நின்றார். மடித்துக் கட்டியிருந்த கைலியை அவிழ்த்துக் கணுக்கால்வரை இறக்கிவிட்டுக்கொண்டார்.