ஆறு அவுட் பாக்கி

தாம்பரத்தை ஒட்டிய சேலையூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் காலை ஏழே முக்காலுக்கு ஒருவர் "குட் ஈவினிங்" சொல்கிறார். அடுப்படியில் இட்லிக் குண்டான் ஆவி விட்டுக்கொண்டிருக்கும். கேம்ப் ரோட்டில் பள்ளிக்கூட வேன்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். வெயில் அதற்குள் கிரில் கேட்டைத் தாண்டி உள்ளே வந்திருக்கும். அவரோ, அருமையான மாலை, லேசான குளிர், ஸ்வெட்டர் எடுத்து வந்தீர்களா என்று விசாரிப்பார். அமெரிக்காவின் மேற்குக் கரையில் நான் பதினான்கு வருடமாக வசிக்கும் ஊரின் பேஸ்பால் வர்ணனையாளர் அவர். இணையத்தில் வரும் ரேடியோ என்பதால் போனிலேயே கேட்கலாம். அங்கே நேற்றைய சாயங்காலம் இன்னும் முடிந்திருக்காது. நான் லீவில் இங்கே வந்த முதல் வாரம் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டைத் திறந்து வந்து, "சார், உங்க போன்ல டைம் தப்பா செட் ஆயிருக்கு போல" என்றார். டைம் சரியாகத்தான் இருக்கிறது, நான்தான் தப்பான பக்கத்தில் இருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். தலையை ஆட்டி அனுப்பிவிட்டேன்.

அந்த ஊரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அணியின் பெயர் தெரிந்துவிடும். அப்புறம் நீங்கள் புள்ளிப் பட்டியலைத் தேடிப் பார்த்து என்மேல் பரிதாபப்படுவீர்கள். அது பெரிய லீக் அணிகூட இல்லை, அதற்கு ஒரு படி கீழே. அங்கே நன்றாக ஆடுகிறவனைப் பெரிய அணி மேலே கூப்பிட்டுக்கொள்ளும். காலையில் போன் வரும், சாயங்காலம் பையன் வேறு ஊர்ச் சட்டையில் நிற்பான். ஆகவே எங்கள் ரசிகர்களுக்கு ஒருவன் மோசமாக ஆடினாலும் வருத்தம், ரொம்ப நன்றாக ஆடினாலும் பயம். இதை முதன்முதலில் அப்பாவுக்கு விளக்கியபோது, "நம்ம தாம்பரம் மாதிரின்னு சொல்லு" என்றார். "நல்லா படிக்கிறவன எல்லாம் மேல கூப்டுக்கறாங்க. மிச்சம் இருக்கறவங்கள வெச்சு நாங்க சீசன ஓட்டறோம்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கிண்டல் செய்தாலும் விடை சரியாக வந்துவிடும்.

அவரும் நானும் பேசிக்கொள்ள அதுவரை எங்களிடம் ஒன்றுமே இருந்ததில்லை. சாப்டியா, சாப்டேன்பா, அங்க மழையா, இல்லப்பா, இரு அம்மாகிட்ட குடுக்கறேன். பத்து வருடம் இந்த ஐந்து வரியில் ஓடியது. புலம்பெயர்ந்த பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இந்த ஐந்து வரி மனப்பாடம் என்று நினைக்கிறேன். ஒருநாள் மைதானத்திலிருந்து கூப்பிட்டிருந்தேன். பின்னால் கூட்டம் கத்துவதைக் கேட்டு, என்ன சத்தம் என்றார். பேஸ்பால் என்றேன். மறுநாள் அவரே கூப்பிட்டார். அவராகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எடுத்ததும் நலம்கூட விசாரிக்கவில்லை. "பேட்டுக்குப் பின்னாடி அடிச்சா ரன் கெடையாதாமே? அப்ப லேட் கட் ஆடறவன்லாம் அங்க பட்டினிதான் கெடக்கணும்." அறுபத்தெட்டு வயதில் உட்கார்ந்து விதிகளைப் படித்திருந்தார். நோட்டுப் புத்தகத்தில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு ஸ்கோர் எழுத ஆரம்பித்தார். அங்கே சனிக்கிழமை மாலை நடக்கும் ஆட்டம் இங்கே ஞாயிறு காலை வருகிறது என்பதால் சபையில் காலை ஆராதனையை விட்டுவிட்டு மாலை ஆராதனைக்கு மாறிக்கொண்டார். அம்மா ஒரு மாதம் முணுமுணுத்தாள். அப்பாவுக்கு பேஸ்பால் பிடித்துவிட்டது என்றுதான் நானும் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். என்னோடு பேசுவதற்காகத்தான் அந்த மனிதர் ஒரு விளையாட்டையே கற்றுக்கொண்டார் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

எங்கள் வீட்டில் கிரிக்கெட் பார்க்க ஒரு சட்டம் இருந்தது. விக்கெட் விழாமல் ரன் வந்துகொண்டிருந்தால் யாரும் இருந்த இடத்தை விட்டு அசையக் கூடாது. தண்ணீர் குடிக்க எழுந்த நான் ஒரு முழு அரைமணி நேரம் ஃப்ரிட்ஜ் கதவைப் பிடித்தபடி நின்றிருக்கிறேன். அம்மாவின் தோசை கரிந்த கதையும் உண்டு. நீங்களும் செய்திருப்பீர்கள், நம்மூரில் இதைச் செய்யாத வீடு குறைவு. அப்பாவுக்கு இதில் நம்பிக்கை உண்டா என்றால் கிடையாது. ஆனால் சோதித்துப் பார்க்கவும் துணிய மாட்டார். இந்தச் சட்டத்தை நான் விமானம் ஏற்றி அங்கேயும் கொண்டு போயிருந்தேன். மைதானத்தில் எனக்குப் பக்கத்து இருக்கைக்காரர் வால்ட், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அணி தோற்கும்போது தொப்பியின் உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டுக்கொள்கிறவர். நாங்கள் அசையாமல் உட்காருவோம் என்று சொன்னதும், உங்கள் நாட்டில் ஆட்டம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்று என் கையைக் குலுக்கினார்.

போன வருடம் செப்டம்பரில் அணி அதிசயமாக ஆடியது. லீகின் கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால் அடுத்த சுற்று. நான் மைதானத்தில் இருந்தேன். அப்பா கூடத்தில் தன் பிரம்பு நாற்காலியில் இருந்தார். அவருடைய போனில் வர்ணனை, அம்மாவின் போனில் நான். ஒன்பது இன்னிங்ஸில் ஏழு முடிந்து, நாங்கள் ஒரே ஒரு ரன் முன்னால். எதிரணி இன்னும் இரண்டு முறை ஆடும், முறைக்கு மூன்று அவுட். அப்போது அப்பா, "டேய், வலது கை ஒரு மாதிரி மரத்துப் போன மாதிரி இருக்கு. பென்சில் நிக்க மாட்டேங்குது. செத்த எழுந்து நடந்துட்டு வரேன்" என்றார்.

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அப்பா, ஆறு அவுட்தான் பாக்கி. எழுந்திரிக்காதீங்க. நீங்க எழுந்தா தோத்துடும்."

அவர் சிரித்தார். "சரிடா" என்றார்.

ஆறு அவுட் எடுக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. நடுவில் அவர் அதிகம் பேசவில்லை. பதற்றம் என்று நினைத்தேன். கடைசிப் பந்து மேலே எழும்பி எங்கள் ஆளின் கைக்குள் விழுந்தது. மைதானமே எழுந்து நின்றது. இணையத்தில் வர்ணனை அரை நிமிடம் பிந்தித்தான் வரும். முந்திக்கொண்டு சொல்லி அவர் சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாம் என்று வாயைப் பொத்திக்கொண்டேன். வால்ட் என்னைக் கட்டிப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். நான் போனைக் காதில் அழுத்தி, அப்பா கத்துவதற்காகக் காத்திருந்தேன். அங்கே வர்ணனையாளர் கத்துவது கேட்டது. அப்பா கத்தவில்லை. "அப்பா" என்றேன். "அப்பா, கேட்டுச்சா?" என்றேன். பிறகு எதுவோ தரையில் விழுந்தது. அதன் பிறகு அம்மாவின் குரல்தான்.

மூன்றாம் நாள் வந்து சேர்ந்தேன். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு என்றார்கள். உயிர் இருந்தது. வலது கையும் காலும் போயிருந்தன, பேச்சும் போயிருந்தது. கை மரத்ததுமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருந்தால் இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கலாம் என்பதைப் பிறகு நானே படித்துத் தெரிந்துகொண்டேன். நான் சொன்ன வார்த்தையை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவியிடமும் சொல்லவில்லை. லீவு முடிந்து திரும்பியபோது கடையில் வால்ட்டைப் பார்த்தேன். யாரிடமாவது சொல்லித் தொலைத்தால் போதும் என்றிருந்தது. கை மரத்துப் போகிறது என்றார், நான்தான் எழுந்திருக்காதீர்கள் என்றேன், என் பேச்சைக் கேட்டு உட்கார்ந்திருந்தார் என்று சொன்னேன். வால்ட்டின் கண் கலங்கிவிட்டது. தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, "உண்மையான ரசிகர். ஜெயித்த பிறகுதான் விழுந்தார்" என்றார். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்துச் சொன்னவன் நான். பாராட்டை வாங்கிக்கொண்டு, பால் வாங்க மறந்து வீட்டுக்கு வந்தேன்.

இந்த ஏப்ரலில் ஆறு மாத விடுப்பு வாங்கிக்கொண்டு தாம்பரத்துக்கு வந்தேன். மனைவியும் மகளும் அங்கேயே இருந்தார்கள், மகளுக்குப் பள்ளி. ஆறு மாதத்துக்குமேல் நான் இங்கே தங்கினால் அமெரிக்கக் குடியேற்ற அலுவலகத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். வந்ததும் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போய் ஒரு பழைய சக்கர நாற்காலி வாங்கினேன். கடைக்காரர் அதை என் முன்னால் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். "இன்னா சார், அப்பாவுக்கா? சக்கரம் நல்லா கீது. வாசப்படிதான் பேஜாரு, வூட்ல ஒரு பலகை போட்டுக்கோ. தெனம் வெளிய இட்டுக்கினு போ, உள்ளாறயே வெச்சிராத" என்றார். யாரோ ஒருவர், அப்பாவின் பெயர்கூடத் தெரியாது, அவ்வளவு அக்கறையாகச் சொன்னார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. விலை பேசுகிற தந்திரம் என்று நினைத்தாரோ என்னவோ, அவராகவே கொஞ்சம் குறைத்துக்கொண்டார்.

தினமும் காலையில் அப்பாவை அதில் உட்கார வைத்து, வர்ணனையைப் போட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து நான் ஸ்கோர் எழுதினேன். அவர் கட்டங்கள் எவ்வளவு நேர்த்தியாக இருந்தன என்பது நான் போட்ட பிறகுதான் தெரிந்தது. அவர் கேட்கிறாரா, அது வெறும் சத்தமாக இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பார். அணியும் இந்த வருடம் அடி மேல் அடி வாங்கியது. மே மாதத்தில் தொடர்ந்து ஒன்பது தோல்வி. இருந்தும் ஒரு ஆட்டத்தையும் விடவில்லை. எனக்கு வேறு பிரார்த்தனை தெரியவில்லை என்றே சொல்லலாம்.

ஜூலையில் எங்கள் ஒரே நல்ல பேட்ஸ்மேனை மேலே கூப்பிட்டுக்கொண்டார்கள். வர்ணனையாளர் ஆட்டத்தின் நடுவில் அறிவித்தார். நான் வழக்கம்போல அப்பாவிடம் தமிழில் சொன்னேன், "முப்பத்திநாலாம் நம்பர் பையன் போய்ட்டான்பா. இனிமே இங்க ஆட மாட்டான்." அப்பா ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. நிற்கவில்லை, சட்டை நனைகிற வரை வந்தது. டாக்டரிடம் கேட்டதற்கு, இந்த நோயில் காரணமில்லாமல் அழுகை வரும், கவலைப்படாதீர்கள் என்றார். அவர் நல்ல டாக்டர். ஆனால் அன்று அவர் சொன்னதை நான் நம்பவில்லை.

செப்டம்பரில் சீசன் முடிந்தது, எங்கள் அணி கடைசிக்கு முந்தின இடம். ஐந்து நாள் கழித்து எனக்கு விமானம். கிளம்பும் அன்று பெட்டிகளைக் கூடத்தில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். அம்மா எனக்குப் பொடி கட்டிக்கொண்டிருந்தாள். இனி சொல்லாமல் போனால் எப்போதுமே சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது. "அம்மா, அன்னைக்கு அப்பா கை மரத்துப் போகுதுன்னு என்கிட்ட சொன்னாரு. நான்தான் எழுந்திரிக்காதீங்கன்னு சொன்னேன்" என்றேன்.

அம்மா நிமிரவில்லை. பாக்கெட்டைச் சுற்றி ரப்பர் பேண்டை இரண்டு தரம் போட்டாள்.

"தெரியும்ப்பா. ஸ்பீக்கர்லதான இருந்துது. நான் இங்க குழம்பு தாளிச்சுட்டு இருந்தேன்."

நான் அடுத்த பாக்கெட்டை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

"கை மரத்துப் போச்சுன்னு அவர் சொன்னதும் கேட்டுச்சு, எழுந்திரிக்காதீங்கன்னு நீ சொன்னதும் கேட்டுச்சு. அவரு சிரிச்சாரு. நீ இங்க பக்கத்துல உக்காந்து வம்பு பண்ற மாதிரி இருந்துது. நானும் சிரிச்சேன்டா." அதன் பிறகுதான் என்னைப் பார்த்தாள். "நீ எங்கயோ இருந்த. நான் இங்கதான இருந்தேன். நான் வந்து எழுப்பியிருக்கலாம் இல்ல? டாக்டர் கேட்டப்ப, முன்னாடி ஒண்ணுமே சொல்லல சார்னு சொல்லிட்டேன். யாருக்காக அப்படிச் சொன்னேன்னு எனக்கே தெரியல, உனக்காகவா எனக்காகவான்னு."

ஒரு வருடமாக, முதலில் போனில், பிறகு ஒரே வீட்டில், ஒரே விஷயத்தை ஆளுக்கொரு பக்கம் ஒளித்து வைத்திருந்திருக்கிறோம். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். வாசலில் ஏர்போர்ட் போகும் கார் வந்து ஹாரன் அடித்தது.

"இத அவர்கிட்டயும் சொல்லிட்டுப் போ" என்றாள் அம்மா. "நான் தெனமும் சொல்லிட்டுதான் இருக்கேன்."

அப்பாவின் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். சொன்னேன். மன்னிச்சிடுங்கப்பா என்றும் சொன்னேன். அந்த வார்த்தையை அவரிடம் அதற்கு முன் சொன்னதாக நினைவில்லை. அவர் வெகுநேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தக் கையில் இன்னும் அவ்வளவு பலம் இருந்தது எனக்குத் தெரியாது. பரவாயில்லை என்கிறாரா, போகாதே என்கிறாரா என்று முகத்தில் தேடினேன், ஒன்றும் புரியவில்லை. கார்க்காரர் மறுபடி ஹாரன் அடித்தார். நான் இழுக்கவில்லை, அவரும் விடவில்லை. கடைசியில் அம்மா வந்து குனிந்து, அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள்.