நான் வேண்டாமென்ற ஜன்னல்

இன்று போவன்பள்ளியில் என் ஓர்ப்படி வசந்தியின் புது வீட்டுக் கிரகப்பிரவேசம்.

பூசாத மண்கல் சுவர். மொட்டை மாடியில் சோலார். மழைத்தண்ணீர் முழுக்கத் தரைக்கு அடியிலுள்ள தொட்டிக்குப் போகிறதாம். வெளியே வெயில் கொளுத்துகிறது, வீட்டில் ஏசியே இல்லை, எனக்கு வியர்க்கவும் இல்லை. வயிறுதான் எரிந்தது.

ஏதாவது குறை கிடைக்குமா என்று அறை அறையாகப் போய்ப் பார்த்தேன். பாத்ரூமில்கூட நல்ல வெளிச்சம்!

வந்தவர்களெல்லாம் ஹாலில் இருந்த பழைய தேக்கு ஜன்னலைத்தான் புகழ்ந்தார்கள். “காத்து என்னமா வருது!” நானும் கிட்டே போய்த் தடவிப் பார்த்தேன்.

கீழ்ச்சட்டத்தில் காம்பஸால் கீறிய ‘ரவி’. என் மகன். ஐந்தாம் வகுப்பில் அதற்காக என்னிடம் அடி வாங்கினான்.

“வசந்தி, இது எங்க மெட்டுகுடா வீட்டு ஜன்னலாச்சே!”

“ஹவ் அக்கா, அதேதான். நீங்க கண்ணாடி ஸ்லைடிங் போட்டப்போ கழட்டினதுதான். வேணுமான்னு உங்களைக் கேட்டுட்டுத்தானே எடுத்தேன்? ‘நக்கோ நக்கோ, அந்தக் குப்பையை எடுத்துட்டுப் போ’ன்னீங்களே!”

பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் சிரிப்பை அடக்கக்கூட முயலவில்லை.

இப்போது என் ஸ்லைடிங் ஜன்னலுக்கு முன்னால், ஃபேனை ஐந்தில் வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். எப்படித் தள்ளினாலும் பாதி ஜன்னல்தான் திறக்கிறது.

அடுத்தவர் வீட்டைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர்கள் நிறைய உண்டு. சொந்த ஜன்னலைப் பார்த்துப் பொறாமைப்பட்டு வந்தவர் என்னைத் தவிர வேறு யாராவது உண்டா?