எத்திராஜுவின் உள்ளங்கை

சுரங்கத் தண்ணீரை இறைக்கும் நீராவி எஞ்சினின் சிலிண்டர் மூடி கசிந்தால், உள்ளங்கையால் விளிம்பைத் தடவி, சூடு உறைக்கும் இடத்தைச் சொல்வது எத்திராஜுவின் வேலை. பிறகு மூடியைக் கழற்றிப் புதுச் சணல் பொதிந்து முடுக்குவார். அந்த வேலையில் சேர்ந்த பதினோராம் ஆண்டில், 1898இல், ஒருநாள் முழு விளிம்பையும் தடவியும் அவருக்கு எதுவும் உறைக்கவில்லை.

"ஒழுகலீங்க மேஸ்திரி."

மேஸ்திரி விளக்கை விளிம்பருகே காட்டினார். எத்திராஜுவின் கை வெந்துகொண்டிருந்த இடத்திலேயே, கசியும் ஆவியில் சுடர் சாய்ந்தது.

"இன்னாய்யா, கை செத்துப்போச்சா? நாளைக்கு வராதே."

"இந்த எஞ்சின்லதாங்க செத்துச்சு."

"அதுக்கு எஞ்சின் இன்னா பண்ணும்?"

எத்திராஜுவுக்குப் பதிலாக, கரி அள்ளிக்கொண்டிருந்த பையன் வேலாயுதத்தைக் கூப்பிட்டு, அதே இடத்தைத் தொடச் சொன்னார் மேஸ்திரி. வேலாயுதம் அலறிக் கையை உதறினான்.

"நல்ல கை," என்றார் மேஸ்திரி. "மூடியைக் கழட்டு."