சுண்ணாம்புப் பாறைக்குள் ஒரு பகல்

ஈரச் சுண்ணாம்பின் மணம் மூக்கில் ஏறினால் இன்றைக்கும் என் தலை தானாகக் குனிந்துகொள்ளும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பதின்மூன்று வயதில், தோர்ண்டன் ஹீத்தில் பள்ளிக்கூடம் போகாமல் ஊர்சுற்றிக்கொண்டிருந்த என்னை, பெட்ரோல் செட்டில் வேலை செய்த அண்ணை தன் 'லீவு' நாளொன்றில் ரயிலேற்றி டோவர்ப் பக்கத்துக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். பிரான்சுக்குப் போவதற்காக விக்டோரியா ராணி காலத்தில் கடலுக்கடியில் தோண்டத் தொடங்கிப் பாதியில் கைவிட்ட சுரங்கம் ஒன்று அங்கே இருப்பதாக அவருடன் வேலை செய்த யாரோ சொல்லியிருந்தார்.

பிய்ந்த வேலிக்குள் நுழைந்து, குனிந்தபடி நடந்தோம். வட்டமாகக் குடைந்த வெள்ளைச் சுவர், காலடியில் கணுக்காலளவு தண்ணீர். தலைக்கு மேலே இன்னும் பாறைதான் என்று அண்ணை சொன்னாலும், கடல்தான் அழுத்திக்கொண்டிருக்கிறது என்றே எனக்குப் பட்டது.

"பயமெண்டா வெளியில நில்லு."

"டோர்ச் ஆடுறதைப் பாத்தா உங்களுக்குத்தான் பயம்போல கிடக்கு, அண்ணை."

அவர் சிரித்து முடிப்பதற்குள் பாறை உறுமியது. பக்கத்துக் குன்றைத் துளைத்துப் போகும் ரயில் அது என்பது எனக்குத் தெரியும். வரும்போது அதில்தான் வந்திருந்தோம். அண்ணையோ டோர்ச்சைப் போட்டுவிட்டுத் தண்ணீரில் விழுந்து, ஒரு கன்னம் நனைய, இரண்டு கைகளாலும் பிடரியை மூடிக்கொண்டார். யாழ்ப்பாணத்தில் குண்டுபோட 'பொம்மர்' விமானம் வரும்போது பங்கர்க் குழிக்குள் நாங்கள் அப்படித்தான் கிடப்போம். அம்மா சொல்லும்வரை ஒருவரும் தலை நிமிர்த்தக்கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

இருட்டில் அவரைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை, பற்கள் அடித்துக்கொள்வது மட்டும் கேட்டது. ஆட்களைக் கூப்பிட்டால் பொலிஸ் வரும், குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் கிடக்கும் அவருடைய அகதிக் 'கேஸ்' கெட்டுவிடும். கூப்பிடாவிட்டால் இங்கேயே விறைத்துப்போவார்.

"எழும்புங்கோ, அண்ணை. அது ட்ரெயின்."

"அம்மா இன்னும் சொல்லேல்ல," என்றார்.

அம்மா அப்போது யாழ்ப்பாணத்தில் இருந்தார். மாதக்கணக்காகக் கடிதம்கூட இல்லை. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, அம்மா சொல்வதுபோலவே இழுத்துச் சொன்னேன்: "பிள்ளையள், பொம்மர் போயிட்டுது, எழும்பி வாங்கோ."

அடுத்த ரயில் வந்துவிடக்கூடாதே என்று நான் எண்ணிக்கொண்டிருக்கையில், விறைத்த கையொன்று என் கோட்டு விளிம்பைப் பற்றியது. சுவரைத் தடவித் தடவி அவரை வெளிச்சத்துக்கு இழுத்துவந்தேன்.

அந்தச் சுரங்க வாயை இப்போது இரும்புக் கதவால் அடைத்துவிட்டார்களாம். ஊரில் எங்கள் பங்கரும் தூர்ந்துபோயிற்று, அம்மாவும் இல்லை. வேலை விஷயமாக நான் பிரான்சுக்குப் புதிய கடலடிச் சுரங்க ரயிலில் எத்தனையோ தடவை போய்வந்துவிட்டேன். பாரிசில் சொந்தத்தில் கலியாணமென்றால் அண்ணை மட்டும் கப்பலில் வருவார், மழை பெய்தாலும் மேல்தட்டிலேயே நின்றுகொண்டு.