மூன்றாம் மாடிச் சுவர்

சனிக்கிழமைகளில் மட்டும் ஏன் தலையிடிக்கிறது என்று மக்டலீன் யோசிக்கத் தொடங்கியது 2007ஆம் ஆண்டு பெப்ரவரியில்.

ஜெர்மனியில், டோர்ட்மண்ட் நகரத்தின் வடக்குப் பக்கத்தில், டிராம் திரும்பும் மூலையில், ஒரு பழைய மாடிவீடு. அதன் இரண்டாம் மாடியில் மக்டலீனும் கணவர் றெஜினோல்டும் இருபது வருடமாக வாடகைக்கு இருந்தார்கள். மகள் லாரா படிக்கப் போய்விட்டாள். நேர் மேலே, மூன்றாம் மாடியில், எண்பத்தொரு வயது ஜெர்மன் மூதாட்டி ஃபிராவ் நோவாக் ஒரு சாம்பல்நிறப் பூனையோடு தனியாக இருந்தார். மக்டலீனுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. கிழமை முழுக்க முதியவர்களைக் குளிப்பாட்டி உடுத்திவிட்டு, சனிக்கிழமை பின்னேரமும் ஒரு கிழவியோடு கோப்பி குடிக்கப் போகிறாளே என்று றெஜினோல்ட் பகிடி பண்ணுவார். ஆனால் லாரா பிறந்து வீட்டுக்கு வந்த அன்று, தானே பின்னிய தொப்பியோடு முதலில் கதவைத் தட்டியவர் ஃபிராவ் நோவாக்தான். அது வேலைக் கணக்கில் வராது.

ஃபிராவ் நோவாக் கோப்பி ஊற்றித் தரும் குசினியில் அரை மணி நேரம் இருந்தால் போதும், நெற்றிப்பொட்டில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவதுபோல் இருக்கும். படி இறங்கித் தெருவுக்குப் போய்க் காற்றுப் பட்டால் சரியாகிவிடும். முதலில் கோப்பிதான் காரணம் என்று நினைத்தாள். அடுத்த கிழமை கோப்பி குடிக்கவில்லை. அன்றைக்கும் இடித்தது.

பூனையும் மாறிப்போயிருந்தது. கணப்பு மூலையில் சுருண்டு கிடக்கிற பூனை, இப்போது கதவு திறந்தவுடன் வெளியே பாய்ந்து படிக்கட்டில் குந்திக்கொண்டது. கூப்பிட்டால் வராது.

"சுவர் மூச்சு விடுகிறது" என்றார் ஃபிராவ் நோவாக்.

"என்ன?"

"அந்தச் சுவர். கேட்டுப் பார்." அவர் காட்டிய இடத்தில், அலமாரிக்கு மேலே, சுவர்த்தாளில் ஒரு சாப்பாட்டுத் தட்டளவு வட்டமாக மஞ்சள் ஈரம் படிந்திருந்தது. போன மாதம் அது இல்லை. "மகளிடம் சொன்னேன். அவள் டொக்டரிடம் கேட்கலாம் என்கிறாள். எனக்குப் புத்தி பிசகுகிறதாம்."

போன செவ்வாய்க்கிழமை பாலை அடுப்பில் வைத்து மறந்துபோனதாகவும் சொன்னார். மகள் முதியோர் இல்லத்துக்கு விண்ணப்பப் படிவம் எடுத்து வைத்திருக்கிறாளாம். அதைச் சொல்லும்போது அவருடைய கை மேசைவிரிப்பை நீவி நீவிச் சரிசெய்தபடி இருந்தது.

மக்டலீன் எழுந்துபோய் அந்த ஈரத்தில் உள்ளங்கையை வைத்தாள். சுவர் சூடாக இருந்தது. காதை வைத்தாள். எங்கோ ஆழத்திலிருந்து, சுவருக்குள்ளே, ஒழுங்கான இடைவெளியில் மூச்சு வந்துகொண்டிருந்தது. அவளுக்கு அந்தச் சத்தம் தெரியும். கணவரின் எஞ்சின் ஓடுகிற சத்தம் அது.

றெஜினோல்ட் மன்னார் ஆள். எண்பத்தைந்தில் அகதியாக வந்து, வேலை அனுமதி கிடைத்ததும் உருக்காலையில் சேர்ந்து, பொருத்துநராகப் பயிற்சி பெற்று, 2001இல் ஆலை மூடும்வரை அங்கேயே நின்றார். பிறகு களஞ்சியம் ஒன்றில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டினார். ஆலைக்குள் இரும்பு இழுத்துத் திரிந்த பழைய நீராவி எஞ்சின் ஒன்று வாசலில் காட்சிக்கு நின்றது. அதைத்தான் அவர் பத்தில் ஒரு பங்கு அளவில் செய்யத் தொடங்கினார். கடைசல் இயந்திரம் ஒன்றைப் பழசாக வாங்கி நிலவறையில் வைத்தார். செம்புத் தகட்டை வளைத்துக் கொதிகலன் செய்தார். வெள்ளிப் பற்றாசு வைத்து ஒட்டினார். ஒட்டு கசிந்தபோது வெட்டிப்போட்டுத் திரும்பவும் செய்தார். நாலு வருடம் எடுத்தது. ஓர் ஆள் தூக்க முடியாத பாரம். பெயருக்குத்தான் பொம்மை, ஆனால் உள்ளே எரிவது உண்மையான நெருப்பு, தள்ளுவது உண்மையான நீராவி.

கோடையில் நகரத்துக்கு வெளியே, சின்ன எஞ்சின் செய்பவர்களின் சங்கம் ஒன்று கூடும். அங்கே ஐந்து அங்குல அகலத் தண்டவாளம். ஞாயிற்றுக்கிழமைகளில் பின்னால் பெட்டிகளைக் கொழுவிப் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றுவார்கள். கொதிகலனை நீரழுத்தம் கொடுத்துச் சோதித்துச் சான்றிதழ் தந்ததும் சங்கம்தான். றெஜினோல்டின் வேலைத் திறமையைப் பார்த்து வெள்ளைக்காரர் மூக்கில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிவார்கள். அந்த ஒரு இடத்தில்தான் அவர் நிமிர்ந்து நடந்தார் என்பது மக்டலீனுக்குத் தெரியும். அதனால்தான் அவள் இவ்வளவு காலமும் நிலவறையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

மாரியில் தண்டவாளம் பனிக்கடியில் கிடக்கும். அவருக்குப் பொறுக்காது. சக்கரங்களுக்குக் கீழே உருளைகளை வைத்து, எஞ்சினை நின்ற இடத்திலேயே ஓடவைக்க ஒரு மேடை செய்தார். புகைக்கு வழி வேண்டும். நிலவறைச் சுவரில், கரியடுப்புக் காலத்துப் புகைபோக்கி ஒன்றின் அடிவாசல் இருந்தது. புகைக்கரி அள்ளுவதற்கான ஒரு சின்ன இரும்புக் கதவு. வீட்டுக்கு எரிவாயு வந்தபிறகு அதை யாரும் பாவிக்கவில்லை. றெஜினோல்ட் ஒரு தகரக் குழாயை அதற்குள் செருகி, இடையில் சின்ன விசிறி ஒன்று பூட்டிப் புகையை மேலே தள்ளினார். புகையாத கெட்டிக் கரிதான் போடுவார். போன மாரி முழுக்க, சனிக்கிழமைப் பின்னேரங்களில், எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது.

அன்று மாலை நிலவறைக்கு இறங்கிப் போய் மக்டலீன் சொன்னாள்.

"மேலை ஃபிராவ் நோவாக்கின்ரை சுவர் சுடுது. நான் தொட்டுப் பாத்தனான். உங்கடை எஞ்சின் சத்தம் அதுக்குள்ளாலை கேக்குது."

அவர் எண்ணெய்த் துணியால் கையைத் துடைத்தார். "புகைபோக்கி எண்டால் சுடத்தானே செய்யும்?"

"எனக்குத் தலையிடிக்குது. அவவுக்கும்தான். பூனை கூட உள்ளுக்கை இருக்குதில்லை."

"போன விண்டர் முழுக்க ஓட்டினனான். அப்ப ஆருக்குத் தலையிடிச்சது? அவவுக்கு வயசு போட்டுது, மக்டலீன். நீர் வேலையிலை பாக்கிறதெல்லாத்தையும் வீட்டை கொண்டு வாறீர்."

"ஆரையும் கூப்பிட்டுக் காட்டுவமே?"

"காட்டினால்? இதைப் பாவிக்க உமக்கு ஆர் அனுமதி தந்தது எண்டு கேப்பாங்கள். ஈஸ்டருக்குச் சங்கம் திறக்குது. அதுக்கிடையிலை வால்வைச் சரிபண்ணிப்போட்டால் பிறகு கொளுத்த மாட்டன். இன்னும் ரெண்டு சனிக்கிழமை. போதுமே?"

இரண்டு சனிக்கிழமைதானே என்று அவளும் விட்டுவிட்டாள். பின்னாளில் தன் வாழ்க்கையில் எதை நினைத்து வெட்கப்படுகிறாய் என்று யாராவது கேட்டிருந்தால், அவள் இந்த இடத்தைத்தான் காட்டியிருப்பாள்.

அடுத்த சனிக்கிழமை அவளுக்கு வேலை விழுந்தது. காற்றே இல்லாத நாள். தெருவில் மூடுபனி இறங்கி, எதிர்வீட்டுச் சன்னல்கள் தெரியவில்லை. மூன்றரைக்கு வீடு திரும்பினாள். அவளுடைய கால்மிதியில் பூனை குந்தியிருந்தது.

அது இரண்டாம் மாடிக்கு ஒருநாளும் வந்ததில்லை.

கைப்பையைக்கூட வைக்காமல் மேலே ஓடினாள். கதவு ஒரு சாண் திறந்திருந்தது. கூப்பிட்டாள், பதில் இல்லை. குசினித் தரையில் ஃபிராவ் நோவாக் பக்கவாட்டில் கிடந்தார். ஒரு செருப்பு கழன்றிருந்தது. முகம் வெளிறிப்போயிருக்கவில்லை. அதுதான் மக்டலீனைப் பயப்படுத்தியது. கன்னம் இரண்டும் குளிரில் விளையாடிவிட்டு வந்த பிள்ளையினுடையதுபோல் சிவந்திருந்தது. சுவரில் அந்த வட்டம் கிழிந்து, சுவர்த்தாள் நாக்குப்போல் தொங்கியது. அதற்குப் பின்னால் கறுப்பாக ஒரு துளை, அடுப்புக் குழாய் மாட்டுவதற்காக முன்னொரு காலத்தில் வைத்தது. துளைக்குள்ளிருந்து எஞ்சின் மூச்சு விட்டது.

சன்னலைத் திறந்தாள். கிழவியின் அக்குளில் கைகொடுத்து, வேலையில் நூறு தரம் செய்ததுபோல், பின்னோக்கி இழுத்துப் படிக்கட்டுக்குக் கொண்டுவந்தாள். பிறகு கைப்பிடிச் சட்டத்தில் சாய்ந்து, நெருப்பை அணைக்கச் சொல்லிக் கீழே கத்தினாள்.

"நெருப்பை நூருங்கோ! றெஜினோல்ட், நெருப்பை நூருங்கோ!"

அவள் தொலைபேசியில் கூப்பிட்டுத் தீயணைப்புப் படை வந்தது. முதலில் நுழைந்தவரின் சட்டையில் கொழுவியிருந்த கருவி விட்டுவிட்டுக் கீச்சிட்டது. "காபன் மொனொக்சைட்" என்று அவர் பின்னால் வந்தவர்களிடம் சொன்னார். எல்லாச் சன்னல்களையும் திறந்தார்கள். குசினியில் இருந்த பழைய எரிவாயுச் சூடாக்கியைப் பார்த்ததும் தலையசைத்தார்கள். இப்படி எத்தனை வீடு பார்த்திருக்கிறோம் என்ற தலையசைப்பு. எரிவாயுவை அடைத்து, முத்திரை ஒட்டி, புகைபோக்கிப் பரிசோதகர் புதன்கிழமை வருவார் என்று சொன்னார்கள். சுவர்த் துளையைப் பற்றி ஒருவர் கேட்டார். பழைய புகைபோக்கி, பாவனையில் இல்லை என்று இன்னொருவர் சொன்னார்.

றெஜினோல்ட் படியேறி வந்தார். கை கழுவியிருந்தார். சட்டை மாற்றியிருந்தார். ஃபிராவ் நோவாக்கைத் தூக்கிக்கொண்டு போகையில் அவரே முன்னால் போய் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

பிறகு மக்டலீன் நிலவறைக்குப் போய்ப் பார்த்தாள். நெருப்பு இல்லை. தகரக் குழாய் இல்லை. அது உருளைக்கிழங்குப் பெட்டிகளுக்குப் பின்னால் கிடந்தது. இரும்புக் கதவு பூட்டி, அதன் முன்னால் ஒரு அலமாரி தள்ளி வைக்கப்பட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துத் தமிழ்ப் பூசையில் அவர் நற்கருணை எடுக்கப் போனார். அவள் வாங்குப் பலகையிலேயே இருந்துவிட்டாள். அன்று பின்னேரம் வைத்தியசாலை நடையில் ஃபிராவ் நோவாக்கின் மகள் அவள் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். "அம்மா சூடாக்கியைப் பழுதுபார்க்க விட்டதே இல்லை. இன்னமும் சுவர் மூச்சு விடுவதாகச் சொல்கிறார். இனித் தனியாக விட முடியாது. உங்கள் இல்லத்தில் இடம் இருக்குமா?"

கேட்டுச் சொல்கிறேன் என்றாள் மக்டலீன்.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு மேசையில் பேசினாள்.

"நாளைக்குப் பரிசோதகர் வாறார். நீங்கள் சொல்லுங்கோ."

"என்னத்தைச் சொல்லுறது? சூடாக்கி பழசு எண்டு அவையளே சொல்லிப்போட்டினம். அவவும் தப்பிட்டா. நான் இனிக் கொளுத்தப்போறதில்லை. பிறகென்ன?"

"அவவை விசர் எண்டு சொல்லி ஒரு இடத்திலை கொண்டுபோய் விடப்போயினம்."

"என்னை மறியலிலை பூட்டி வைச்சால் உமக்குச் சந்தோசமே? இவ்வளவு வருசம் ஒரு சின்னக் குற்றம் இல்லாமல் இருந்தனான். எல்லாத்தையும் பறிச்சுப்போட்டுத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்."

"ஜெர்மன் பாஸ்போட் இருக்கிறவனை எங்கை அனுப்புறது? நீங்கள் பயத்திலை கதைக்கிறியள்."

"ஓம், பயம்தான்" என்றார். தட்டைத் தள்ளிவைத்தார். "நீர் வாயைத் திறவாதையும், மக்டலீன். இதுதான் நான் உம்மட்டைக் கேக்கிறது."

புதன்கிழமை காலை கறுப்புச் சட்டையோடு பரிசோதகர் வந்து, சூடாக்கியைக் கொளுத்தி, கருவியால் அளந்தார். திரும்பவும் அளந்தார். "இதில் பிழை இல்லை" என்றார். அவர் முகம் மாறியது. கிழிந்த சுவர்த்தாளின் அருகே போய் டோர்ச் அடித்துத் துளைக்குள் பார்த்தார். விரலை விட்டுத் துடைத்து முகர்ந்தார். "இது புதுக் கரி."

மேல்வீட்டுச் சாவி வைத்திருந்த மக்டலீன் கதவடியில் நின்றாள். பின்னால் படியில் றெஜினோல்ட் நின்றார். அன்றைக்கு அவர் வேலைக்குப் போகவில்லை. அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தார்.

"கீழே வாருங்கள்" என்றாள் மக்டலீன் பரிசோதகரிடம். "காட்டுகிறேன்."

ஒரு கணம் றெஜினோல்ட் வழியை விடவில்லை. படி ஒடுக்கமானது, அவர் கைப்பிடியைப் பிடித்தபடி நடுவில் நின்றார். அவள் இன்னொரு படி இறங்கினாள். அவருடைய மூச்சு அவள் முகத்தில் பட்டது. பிறகு அவர் காற்சட்டைப் பையிலிருந்து நிலவறைச் சாவியை எடுத்து அவள் கையில் வைத்துவிட்டு, சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

நடந்தது என்னவென்று பரிசோதகர் கூரைக்கு ஏறிப் பார்த்த பின்தான் விளங்கியது. ஜனவரியில் அடித்த பெரும்புயலில் புகைபோக்கியின் தலை உடைந்துவிட்டது. கூரை திருத்த வந்தவர்கள், பாவனையில் இல்லாததுதானே என்று, அதன் வாயில் ஒரு கொங்கிறீட் பலகையை வைத்துப் பூசிவிட்டுப் போயிருந்தார்கள். அதன்பிறகு றெஜினோல்டின் விசிறி தள்ளிய அத்தனையும் அந்தத் துளை வழியாக மூன்றாம் மாடிக் குசினிக்குள்தான் போயிருக்கிறது. சாரம் கட்டியிருந்ததை அவர் தினமும் பார்த்தார். மேலே என்ன செய்கிறார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

கவனயீனத்தால் காயம் விளைவித்ததற்குத் தண்டம் விதித்தார்கள். மறியல் இல்லை. வீட்டுச் சொந்தக்காரர் வீட்டைவிட்டு எழும்பச் சொன்னார். கோடைக்கு முன்பே நகரத்தின் தெற்கில் ஒரு கீழ்வீட்டுக்குப் போனார்கள். ஃபிராவ் நோவாக் ஐந்து கிழமை வைத்தியசாலையில் இருந்தார். சில சொற்கள் திரும்பவில்லை. பொத்தான் போட இடது கை கேட்பதில்லை. ஆனால் புத்தி தெளிவாக இருந்தது. மகள் படிவத்தைக் கிழித்துப்போட்டுத் தன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுத்துக் கொடுத்தாள். வியாழக்கிழமைகளில் மக்டலீன் அங்கே போகிறாள். றெஜினோல்ட் இரண்டு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டார். ஃபிராவ் நோவாக் அதை வாசித்தார். பதில் எழுதவில்லை.

சங்கத்தில் அவரை விலக்கவில்லை. அடுத்த வருடக் கோடையில் எஞ்சினைத் திரும்பவும் வெளியே எடுத்தார். திறந்த வெளியில், பிள்ளைகள் சிரிக்க, அது நன்றாகவே ஓடியது. மக்டலீன் வாங்குப் பலகையில் இருந்து பார்த்தாள். அவர் கையசைத்தார், அவளும் அசைத்தாள்.

அவர்கள் பிரியவில்லை. அவர் கெட்டவர் இல்லை என்று, லாரா கேட்காமலே, மக்டலீன் மகளுக்குச் சொல்வாள். ஆனால் ஒரு உயிர் போகப் பார்த்த இடத்தில் நாலு நாள் வாயை மூடிக்கொண்டு சாப்பிடவும் தூங்கவும் அவரால் முடிந்ததை அவள் கண்டுவிட்டாள். இப்போது வீட்டில் எங்காவது ஏதாவது விழுந்து, என்ன சத்தம் என்று அவள் கேட்டு, ஒண்டுமில்லை என்று அவர் சொன்னால், கையிலிருக்கும் வேலையை வைத்துவிட்டு எழுந்துபோய்ப் பார்க்கிறாள்.